கிரைண்டரா, பாக்கெட்டா, அக்கா கடையா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இட்லி மாவு வர மூன்று வழி இருக்கிறது. அம்மா கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று. தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கும் பாக்கெட் இன்னொன்று. மூன்றாவது, சோமேஸ்வரர் கோவிலுக்குப் போகிற வழியில் பெரிய எவர்சில்வர் அண்டாவிலிருந்து கரண்டியால் அள்ளித் தரும் அக்கா கடை. எட்டு வருஷமாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டதால் எனக்குக் கொஞ்சம் பேசத் தகுதி உண்டு.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைத்து எடுத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் மாவு. கரண்ட்டையும் சேர்த்தால்கூட கிலோ முப்பது ரூபாயைச் சுற்றித்தான் வரும். அக்கா கடையில் அதைப் போல இரண்டு மடங்கு, பாக்கெட் ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்தால் கிரைண்டர்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வெளியே கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, திங்கட்கிழமை காலை இட்லி ஒருவருக்கு ஞாபகம் வர வேண்டும். அந்த ஞாபகத்துக்கு விலை போட்டுப் பார்த்தேனா? இல்லை. பல வருஷம் அது என் மனைவியின் தலையில்தான் இருந்தது, அதனால் எனக்கு வீட்டு மாவு இலவசம் மாதிரியே தெரிந்தது. அவள் வேலை மாறிய பிறகு அரைப்பது என் பொறுப்பானது. ஒரே மாதத்தில் பாக்கெட் அப்படியொன்றும் விலை அதிகமில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ருசிக்கு வருவோம். கல்லில் அரைக்கும் உளுந்து மாவு சூடேறாமல், தண்ணீர் தெளிக்கத் தெளிக்கப் பஞ்சு மாதிரி பொங்கி வரும். உளுந்தில் இருக்கும் பிசுபிசுப்புதான் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிக்ஸியில் அந்த வேலை பாதிதான் நடக்கும். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்கள் அம்மாவுக்கு இருக்கும் பெருமை, தன் மகனுக்கு டிகிரி கிடைத்தபோதுகூட இருந்ததில்லை.

ஆனால் பெங்களூர் கோயம்புத்தூர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மாவைப் பொங்க வைக்கும் லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா உளுந்தோடு கூடவே வருகிறது. வந்த இடத்தில் குளிர் என்றால் அதுவும் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும். போன டிசம்பரில் மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை சுற்றினேன். அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். இன்வெர்ட்டர் மேலே வைத்தேன், வைஃபை ரவுட்டரோடு ஒட்டியும் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால், ராத்திரி கரண்டியால் போட்ட கோடு அப்படியே இருந்தது. அன்றைக்குச் சுட்ட இட்லியை என் மகள் தட்டில் தட்டிப் பார்த்தாள், சத்தம் வந்தது. ஏப்ரலில் எல்லாம் தலைகீழ். அதே பாத்திரம் பொங்கி வழிந்து, அலமாரி வழியாக இறங்கி, கீழ்த்தட்டு மளிகை வரைக்கும் போய்விட்டது.

கிரைண்டர் கழுவும் தண்ணீர் வேறு. 2024 கோடையில் ஊரே குடத்தோடு நின்றபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. கிரைண்டருக்கு அபராதம் இல்லைதான். ஆனால் டேங்கர் தண்ணீரில் மூன்று தடவை கல்லை அலசும்போது கை கூசியது. அந்தக் கோடை முழுக்க பாக்கெட்தான்.

பாக்கெட்டைக் குறை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதிகம் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு வாங்கலாம், காலையில் இட்லி மெத்தென்று வரும். என் ஒரே மனக்குறை, அது எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பது. வீட்டு மாவுக்கு ஒரு ஆயுசு உண்டு. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், மிஞ்சினால் பணியாரம். பாக்கெட் மாவில் அந்த மூன்றாம் நாள் புளிப்பு சரியாக அமைவதில்லை, அல்லது அதுவரை மாவு மிஞ்சுவதில்லை. இன்னொரு வேடிக்கை: 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த மாவுக்கு 18 சதவீதம் வரி. அப்புறம் அது 12 ஆகி, அதே வருஷம் நவம்பரில் 5 ஆனது. பொங்க வேண்டிய பொருளில் வரி மட்டும் அமுங்கிப் போனது.

அக்கா கடையில் தூக்கை நீட்டினால் முதல் கேள்வி, "இட்லிக்கா, தோசைக்கா?" இந்த ஊரில் இட்லிக்குப் பெரும்பாலும் அரிசி ரவை போடுவார்கள், கொஞ்சம் நறநறவென்று இருக்கும். தமிழ் ஆட்கள் என்று தெரிந்தால் அக்கா பின்பக்கத்து அண்டாவிலிருந்து நைஸ் மாவு எடுத்துத் தருவார். மழை நாளில் மட்டும் சோடா உப்பு வாசம் லேசாக எட்டிப் பார்க்கும். கேட்டால், "குளிருதுல்ல தம்பி" என்பார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

அதனால் என் தீர்ப்பு: மார்ச் முதல் மே வரை கிரைண்டர், வேலை நெருக்கும் வாரத்தில் பாக்கெட், தோசைக்கு எப்போதும் அக்கா. இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏங் கண்ணு, கிரைண்டரு கெட்டுப் போச்சா?" என்று கேட்டுவிட்டு, ஜனவரியில் நேரிலேயே வந்துவிட்டார்.

வந்த அன்றே ஊறப்போட்டு, அரைத்து, கையாலேயே உப்புப் போட்டுக் கரைத்து வைத்தார். "கை ராசி வேணும்" என்றார். காலையில் கரண்டிக் கோடு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எதுவும் பேசாமல் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனவர், ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

"அந்தப் புள்ள கடைக்குப் பின்னாடி நாலு கிரைண்டரு ஓடுது. அந்த ரூமே வெதுவெதுன்னு இருக்குது" என்றார்.

அன்று சாயங்காலம் மறுபடி அரைத்தார். ராத்திரி எட்டு மணிக்கு, மூடியில் துணி கட்டிய எங்கள் மாவுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நான் அக்கா கடைக்கு நடந்தேன். மாவு அங்கேயே தங்கியது. காலை ஆறு மணிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன், பொங்கியிருந்தது.