பறக்கும் பறவைக்கு எந்த லென்ஸ்: 70-300ஆ, 150-600ஆ?

மாடியில் நின்று காகம், புறா, பருந்து பறப்பதை எடுக்க ஆசைப்படுபவர்கள் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். இந்த எண்கள் ஜூம் லென்ஸின் குவிய நீளம், மில்லிமீட்டரில்; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

எடை: 70-300 பெரும்பாலும் முக்கால் கிலோவுக்குள். சிக்மா நிறுவனத்தின் 150-600 கன்டெம்பரரி மாடல் ஏறக்குறைய 2 கிலோ. கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கும்.

விலை: 70-300 பொதுவாக மலிவு.

எட்டும் தூரம்: உயரத்தில் வட்டமிடும் பருந்து 300இல் வெறும் புள்ளி. 600இல் இறகு தெரியும்.

பறவையைப் பிடிப்பது: பலர் யோசிக்காத விஷயம் இதுதான். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 300இன் பார்வைக் கோணம் சுமார் 8 டிகிரி, 600இல் 4தான். மாடியை உரசித் திரும்பும் புறாக் கூட்டம் வியூஃபைண்டரில் சிக்குவதற்குள் போய்விடும். 150இல் பிடித்து அப்புறம் ஜூம் செய்யலாம்தான், ஆனால் வளையத்தைத் திருப்புவதற்குள் கிளி அடுத்த தெருவில் இருக்கும்!

வெளிச்சம்: முழு ஜூமில் இரண்டும் எஃப்5.6, 6.3 ரகம், அதாவது லென்ஸின் திறப்பு சின்னது, உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. புறாவுக்கு 1/2000 வினாடி ஷட்டர் வைத்தால், வெயில் ஏறும்வரை ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) கூட்டியே ஆகவேண்டும். மிதக்கும் பருந்துக்கு 1/1000 போதும்.

சரி, எது? புறா, காகம், கிளி என்றால் தயங்காமல் 70-300. பருந்துப் பித்துப் பிடித்தவர்கள் மட்டும் 150-600க்குப் பணம் சேர்க்கலாம்.