வாடகைப் பாத்திரக் கடையில் ஜாங்கோ அட்மின்: ஒரு முகூர்த்த சீசன் அனுபவம்

நெல்லை டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்குப் போன ஆடியில் ஒரு மென்பொருள் செய்து கொடுத்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, கோயில் கொடைக்கு அண்டா, சருவப்பானை போனால் உண்டு. பழகிக்கொள்ள நேரம் இருக்கும் என்று நினைத்தேன். திரை எதையும் நான் வடிவமைக்கவில்லை. பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கருவி தானே உருவாக்கித் தருகிற அட்மினை, அதாவது பதிவுகளைச் சேர்க்க, திருத்த, அழிக்க உதவும் நிர்வாகத் திரையை, அப்படியே கல்லாவில் வைத்துவிட்டேன். ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது எழுதுகிறேன்.

இரண்டு சாயங்காலத்தில் வேலை முடிந்தது. அதை மறைக்கக் கூடாது. பொருள், வாடிக்கையாளர், ரசீது, வரவு என்று நாலு மாடல் (எந்தத் தகவலை எப்படிச் சேமிக்க வேண்டும் என்கிற வரையறை) எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வரியில் பதிவு செய்தால் போதும்: லாகின், படிவம், யார் எதைத் தொடலாம் என்கிற அனுமதி, எல்லாம் வந்துவிடுகிறது. சர்ச்_ஃபீல்ட்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால் தேடல். லிஸ்ட்_ஃபில்டர் என்று ஒரு வரி சேர்த்தால் வலப்பக்கம் வடிகட்டிகள். டேட்_ஹைரார்கி என்று இன்னொரு வரி சேர்த்தால் வருடம், மாதம், தேதி என்று ரசீதுகளுக்குள் இறங்கிப் போகலாம். இதையெல்லாம் கையால் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். அண்ணாச்சி தந்த காசுக்கு ஒரு மாதம் கட்டாது.

சில்லறைக் குறைகளும் உண்டு. மொழியைத் தமிழ் என்று வைத்தால் பாதித் திரை தமிழில் வரும், மீதி ஆங்கிலத்திலேயே நிற்கும். பன்மைப் பெயரை நாமே எழுதிக் கொடுக்காவிட்டால் அது தன் போக்கில் ‘ரசீது’க்குப் பின்னால் ஒரு ஆங்கில ‘எஸ்’ ஒட்டிவிடும். நேர மண்டலத்தை மாற்ற மறந்தேன். நேரம் போடும் கட்டத்துக்குக் கீழே, நீங்கள் சர்வரைவிட 5.5 மணி முந்தியிருக்கிறீர்கள் என்று ஒரு குறிப்பு. “எந்த ஊரு கடியாரம்டே இது?” என்றார் அண்ணாச்சி.

பெரிய சிக்கல் கல்லாவில் வந்தது. பழைய நோட்டுகளிலிருந்து சுமார் 4,000 பெயர்களை ஏற்றியிருந்தேன். வேறு டேபிளை (தரவு அட்டவணையை) சுட்டும் ஃபாரின்கீ ஒன்று இருந்தால், அட்மின் அந்த டேபிள் முழுவதையும் ஒரே டிராப்டவுனில் கொட்டிவிடும். ரசீது எழுதுகிற அக்கா ஒரு பெயரைப் பிடிக்க உருட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தட்டப் பொருந்தும் பெயர்களை மட்டும் காட்டுகிற ஆட்டோகம்ப்ளீட்_ஃபீல்ட்ஸ் போட்டதும் சரியானது. ஆனால் அதைச் சோதனையின்போது நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஐந்து பெயரை வைத்துச் சோதித்தால் எல்லாம் வேகமாகத்தான் இருக்கும்.

அடுத்தது என் தவறு. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார் என்று அக்கா ஒன்றை அழித்தார். கூடவே எவையெல்லாம் போகும் என்று அட்மின் பட்டியல் போட்டுக் காட்டித்தான் கேட்கிறது. வாசலில் லோடு ஆட்டோ நிற்கும்போது யார் பட்டியல் படிப்பார்கள்? நான் கேஸ்கேட் (ஒன்றை அழித்தால் அதைச் சார்ந்தவையும் அழியும்) என்று எழுதி வைத்திருந்ததால் அந்த ஆளின் ரசீதுகளும் சேர்ந்து போயின. “ஆளை அழிச்சா பாக்கியும் அழிஞ்சிருமோடே?” என்று அண்ணாச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முந்தின நாள் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். இப்போது எல்லா இடத்திலும் ப்ரொடெக்ட்: சார்ந்த பதிவு இருந்தால் அழிக்கவே விடாது.

மாற்றங்களின் வரலாறு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று சொல்லும். முன்பு என்ன எண் இருந்தது என்று சொல்லாது. பாத்திரக் கணக்கில் சண்டை வருவதே அந்தப் பழைய எண்ணுக்காகத்தான்.

இவையெல்லாம் தீர்க்கக் கூடியவை. தீராத ஒன்று, பாத்திரம் திரும்பி வருகிற நேரம். 200 தட்டு போனது, 187 வந்தது, அதிலும் 5 நெளிந்திருக்கிறது. அண்ணாச்சிக்கு இது ஒரே பேச்சு, ஒரு நிமிஷ வேலை. அட்மினில் ரசீதைத் திறந்து எண்ணிக்கையை மாற்று, சேதத்துக்கு வேறு பக்கம், அட்வான்ஸ் கழிக்க இன்னொரு பக்கம். “தம்பி, எங்கன போய்த் தட்டணும்?” என்று அக்கா ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் செய்தார். டேபிள் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படித்தான் அட்மின் பிரிந்து நிற்கும். கடையில் வேலை அப்படிப் பிரிந்து நடப்பதில்லை.

அட்மின் பிறந்த இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஊரின் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது ஜாங்கோ. 2005-ல் பொதுவெளிக்கு வந்தது. நிருபர் ஒரு செய்தியைத் தட்டுவார், சேமிப்பார், வேலை முடிந்தது. அதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. முகப்பு முழுவதையும் இதன் மேல் கட்டாதீர்கள், நிறுவனத்தின் உள்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. படித்துவிட்டுத்தான் மீறினேன். பி.எச்.பி. மொழியில் இதே போன்ற கருவியான லாரவெலைப் பயன்படுத்துகிறவர்கள், தங்கள் அட்மினுக்கு நோவா, ஃபிலமென்ட் என்பார்கள். நோவாவுக்குக் காசு, ஃபிலமென்ட் இலவசம். இரண்டிலும் நான் கடை நடத்திப் பார்த்ததில்லை.

புரட்டாசியில் உட்கார்ந்து கல்லாவுக்கு மட்டும் தனித் திரை எழுதினேன். ‘போனது’, ‘வந்தது’, ‘நெளிசல்’, ‘காசு’ என்று நாலு பெரிய பொத்தான். பொருள் பட்டியல், வாடகை விலை, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் இன்னும் அட்மினில்தான், அதை மாற்ற எனக்கு எண்ணமும் இல்லை. ராத்திரி கடையைச் சாத்திய பிறகு அண்ணாச்சி போனில் அதே அட்மினைத் திறந்து, தேதி வாரியாக இறங்கி, யார் யாரிடம் அண்டா நிற்கிறது என்று பார்க்கிறார். ‘எஸ்’ஸை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.