முடி போனது, பிடி மிஞ்சியது: ஒரு பழைய ஷேவிங் பிரஷ்ஷோடு மூன்று வருஷம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் வேண்டாத சாமான்கள் கிடந்த ஒரு பெட்டியைக் கிளறும்போது இந்த பிரஷ் கையில் சிக்கியது. குட்டையாக, இடுப்பு சிறுத்த கைப்பிடி, அழுக்கு மஞ்சள் நிறம், உள்ளங்கையில் வைத்தால் நல்ல கனம். முடி மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. அடியில் சாம்பல் நிறத்தில் சோப்பு கெட்டித்துப் போய், நுனி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தூங்கி எழுந்த தலை மாதிரி இருந்தது. கைப்பிடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒன்று 'செட் இன் ரப்பர்' (முடியை ரப்பரில் பதித்தது), இன்னொன்று 'ஸ்டெரிலைஸ்டு' (கிருமிநீக்கம் செய்தது). அந்த இரண்டாவது வார்த்தையை அப்போதே யோசித்திருந்தால் நாலு மாசம் மிச்சமாகியிருக்கும்.

யோசிக்கவில்லை. நேராகக் கழுவ உட்கார்ந்துவிட்டேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிரஷ்ஷை அதில் மெதுவாகச் சுழற்றினேன். முதல் தண்ணீர் சாம்பல், இரண்டாவதும் சாம்பல், மூன்றாவதில்தான் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அடியில் கெட்டித்தது அசையவில்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பொருளாக மாறிவிடுகின்றன, அதை இன்னொரு சோப்பால் எடுக்க முடியாது, புளிப்பான ஏதாவது வேண்டும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து ஐந்து நிமிஷம் முக்கி வைத்தேன், கைப்பிடி நனையாமல் முடி மட்டும். வெளியே எடுத்து விரலால் கோதினால் அந்தக் கட்டி வெள்ளைப் பொடியாக உதிர்ந்து வந்தது. அதற்கப்புறம் நன்றாக அலசி, தலைக்குப் போடும் கண்டிஷனர் துளி போட்டு, மறுபடி அலசி, உதறி நிறுத்தி வைத்தேன். மறுநாள் காலையில் முடி பூ மாதிரி விரிந்திருந்தது. பழைய வாசனை மட்டும் போகவில்லை, ஈரமான கம்பளி வாசனை. நாலைந்து முறை நுரை கலக்கி, அந்த நுரையோடு சில மணி நேரம் விட்டு அலசியதில் அதுவும் குறைந்தது.

நாலு மாசம் சந்தோஷமாகப் பயன்படுத்தினேன், அப்புறம் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் கன்னத்தில் ஒன்று இரண்டு ஒட்டும், பிறகு நுரைக்குள்ளேயே பத்துப் பதினைந்து. நடுவில் ஒரு குழி விழுந்துவிட்டது. முடி வேரோடு வரவில்லை, அடியில் ஒடிந்து வந்தது. பல வருஷம் சோப்பு தங்கி, ஈரம் சரியாகக் காயாமல், கற்றையின் அடிப்பாகம் மக்கியிருக்கிறது. மேலே எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அடியில் போன உயிர் திரும்பாது.

அப்போதுதான் அந்த 'ஸ்டெரிலைஸ்டு' என்ன என்று தேடிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. முதல் உலகப் போர் சமயத்தில் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரை முடியில் பிரஷ்கள் வந்திருக்கின்றன, பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் விலை உயர்ந்த முடி மாதிரி தெரிய வேலைப்பாடு செய்து விற்றதும் உண்டு. அவற்றால் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் வந்திருக்கிறது, கால்நடைகளிடமிருந்து பரவி உயிரையே எடுக்கக்கூடிய பாக்டீரியா நோய் அது. 1920இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் வருவதையே பிரிட்டன் தடை செய்தது. அந்தப் பயத்துக்குப் பிறகுதான் கம்பெனிகள் கைப்பிடியில் இந்த வார்த்தையைக் குத்த ஆரம்பித்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இதழில் 2017இல் வந்த ஒரு கட்டுரை, பழைய விலங்கு முடி பிரஷ்களால் ஆபத்து குறைவுதான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை என்கிறது. வீட்டிலேயே கிருமிநீக்கம் செய்து பார்ப்பதையும் வேண்டாம் என்கிறது. ஆந்த்ராக்ஸ் ஸ்போர்கள், அதாவது அந்தக் கிருமியின் விதை மாதிரியான வடிவம், பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும், என் வினிகரும் வெந்நீரும் அதை ஒன்றும் செய்யாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம். பிளேடு வெட்டிய முகத்தில் தினமும் அதைத் தேய்த்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கை தானாகத் தாடைக்குப் போகிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: நூறு வருஷப் பழசாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முடியைக் காப்பாற்ற முயற்சியே செய்யாதீர்கள். பழமையின் அழகு எல்லாம் கைப்பிடியில்தான் இருக்கிறது. முடி என்பது செருப்புக்கு அடியில் உள்ள சோல் மாதிரி, தேய்ந்தால் மாற்ற வேண்டியது.

கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் இருக்க முடியை நனைத்துக் கத்தரியால் ஒட்ட வெட்டினேன். எல்லாவற்றையும் இரண்டு கவரில் கட்டிப் போட்டாயிற்று. மிச்சம் இருந்த அடிக்கட்டையை எடுக்க மரவேலை தெரிந்த நண்பனிடம் போனேன். கைப்பிடியைத் துணி சுற்றி வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக டிரில் செய்தான். ஒரு கட்டத்தில் பிட் சடாரென்று உள்ளே இறங்கியது. "டேய், உள்ள ஒண்ணுமே இல்லடா, வெறும் பொந்து!" பல பழைய கைப்பிடிகள் உள்ளே கூடுதான், இது தெரியாமல் அழுத்தினால் அடிப்பக்கம் ஓட்டை போட்டுவிடுவீர்கள். எங்களுக்கு நூலிழையில் தப்பியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கற்றையை இளக்க ஹீட் கன் காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். பழைய கைப்பிடி செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக்காக இருந்தால் அது சட்டென்று பற்றி எரியும். என்ன பொருள் என்று தெரியாதவரை சூடே வேண்டாம். உப்புத்தாள் போடுவதாக இருந்தாலும் தண்ணீர் தொட்டுத்தான், பேக்லைட் என்ற பழைய கெட்டி பிளாஸ்டிக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த வகைகள் இருந்திருக்கின்றன, அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது.

என்னுடையது கேட்டலின், பேக்லைட்டுக்குச் சொந்தக்கார பிளாஸ்டிக். மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்ததும் துணி மஞ்சளாகிவிட்டது, அதை வைத்துக் கண்டுபிடித்தேன். வெளிச்சமும் காற்றும் பட்டு மேல்தோல் மட்டும் மஞ்சளித்திருக்கும், தேய்க்கத் தேய்க்க உள்ளே பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். முழுக்க வெள்ளையாக்க மனசு வரவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். எழுத்துகளுக்கு மட்டும் பல்குத்தும் குச்சியால் சிவப்பு எனாமல் பெயின்ட் தடவி, மேலே வழிந்ததைத் துடைத்து எடுத்தேன். மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிஷம் அது.

புதுக் கற்றை அடியில் 22 மில்லிமீட்டர் விட்டம், செயற்கை இழை. விலங்கு முடி வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். எவ்வளவு உயரம் வெளியே நிற்க வேண்டும் என்பதில்தான் கோட்டைவிட்டேன். 56 மில்லிமீட்டர் விட்டு ஒட்டினேன், பார்க்கக் கம்பீரம், முகத்தில் வைத்தால் தொளதொள. நல்லவேளை, கல் மாதிரி இறுகிவிடும் எப்பாக்ஸி பசை போடாமல் சிலிக்கான் பசையில் ஒட்டியிருந்தேன், முறுக்கி இழுத்தால் வந்துவிட்டது. பொந்துக்குள் எப்பாக்ஸி புட்டி அடைத்து, அதன்மேல் வாஷர்களை அடுக்கிக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, 50இல் நிறுத்தினேன். ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், பிரஷ்ஷே வேறு ஆளாகிவிட்டது. முதல் தடவையே பசை தொடாமல் வெறுமனே செருகிப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டரை வருஷம் ஆகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவிங். முதல் வாரம் நாலைந்து இழை உதிர்ந்தது, அதோடு சரி. ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை அதே வினிகர் குளியல். குறை இல்லாமல் இல்லை. நல்ல பன்றி முடி பிரஷ் மாதிரி தண்ணீரையும் சூட்டையும் பிடித்து வைக்காது, கெட்டி சோப்பில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும், பழக இரண்டு வாரம் பிடித்தது. ஒருமுறை ஞாபகமறதியாகக் கொதிக்கிற தண்ணீர்க் கோப்பையில் கைப்பிடியோடு வைத்துவிட்டேன், அடிப்பாகத்தில் பளபளப்பு போய்த் திட்டாக நிற்கிறது, பாலிஷ் போட்டும் முழுசாகப் போகவில்லை.

சிவப்பு பெயின்ட் 'ரப்பர்' என்ற வார்த்தையில் மட்டும் அழிந்துகொண்டு வருகிறது, என் கட்டைவிரல் படுகிற இடம் அது. டப்பாவில் எனாமல் இன்னும் பாக்கி இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.