ஓடிபி யார் வீட்டுக்குப் போகிறது? போன் சரியாக இல்லாதவர்களின் வங்கிக் கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை

கீபேட் போன் வைத்திருப்பவர்கள், வீட்டுக்கே ஒரு போன் என்று இருப்பவர்கள், மேட்டுக்குப் போனால்தான் டவர் எடுக்கும் ஊர்க்காரர்கள். இவர்களுடைய வங்கிக் கணக்கு இரண்டு விதமாகச் சீரழிகிறது. பணம் இருந்தும் எடுக்க முடியாமல் பூட்டிக்கொள்வது ஒன்று. யாரோ ஒருவருக்குத் திறந்துகொள்வது இன்னொன்று. இரண்டுமே தொடங்குவது வங்கிக் கணினியில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் பத்து இலக்கத்தில்தான்.

நூறுநாள் வேலைக் கூலிக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ முகாம் போட்டுக் கணக்கு தொடங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். படிவத்தில் மொபைல் எண்ணுக்கு ஒரு கட்டம். ‘போன் இல்லைங்க’ என்றால் வேலை நின்றுவிடும். அதனால் வங்கியின் முகவர் தன் நம்பரையே போட்டுவிடுவார், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் பையனின் நம்பர். அன்றைக்கு அது உதவி. பிறகு அந்தக் கணக்கின் வரவு செலவு எஸ்எம்எஸ் எல்லாம் அங்கேதான் போகும், ஓடிபியும் அங்கேதான்.

அதை வைத்து என்ன செய்ய முடியும்? டெபிட் கார்டு வழியாக யுபிஐ தொடங்கப் பல வங்கிகளில் தேவையானவை: வங்கியில் பதிந்த நம்பரின் சிம், கார்டின் கடைசி ஆறு இலக்கம், கார்டு காலாவதியாகும் மாதமும் வருடமும், வருகிற ஓடிபி. சிம் ஏற்கெனவே அந்த முகவரிடம். ‘மிஷின்ல போட்டுப் பார்க்கிறேன், கார்டைக் கொடுங்கம்மா’ என்று வாங்கி ஒரு நிமிடம் பார்த்தால் மீதியும் அவரிடம். உதவித்தொகை ஏறிய மறுநாளே ஐந்நூறு, ஆயிரம் என்று கரையும். பாட்டி பாஸ்புக் பதியப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும், அதுவும் அன்றைக்குப் பதியும் மிஷின் ஓடினால். முகவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகத்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் உங்கள் கணக்கு இன்னொருவரின் நேர்மையில் தொங்கக்கூடாது.

அடுத்தது, செத்த சிம். ‘பேங்குக்கு மட்டும்’ என்று ஒரு பிரீபெய்டு சிம்மைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். சிம் பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் அந்த 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. துண்டித்த பிறகும் மீட்க 15 நாள் அவகாசம் உண்டு. அதையும் விட்டால், குறைந்தது 90 நாள் கழித்து அந்த நம்பர் புதிதாக சிம் வாங்கும் யாருக்கோ போய்விடும். உங்கள் ஓடிபியும் சேர்ந்துதான் போகும். துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியலைப் பார்த்துத் தங்கள் பதிவுகளைச் சரிசெய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. அது முறையாக நடந்தாலும் உங்கள் பழைய நம்பர்தான் நீக்கப்படும். புது நம்பரை நீங்கள்தான் போய்ப் பதிய வேண்டும்.

ரீசார்ஜ் விலைதான் தொல்லை என்றால், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பேக்கைக் கேளுங்கள். அப்படி ஒரு பேக் வைத்தே ஆகவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி போட்டது. 365 நாள் வரை செல்லுபடியாகும் பேக்குக்கும் அதே விதியில் வழிவிட்டது. கடைக்காரர் தானாக முன்வந்து சொல்லமாட்டார்.

மூன்றாவது, நம்பர் உங்களுடையதுதான், ஆனாலும் ஓடிபி வேலை செய்யவில்லை. இதில் அதிகம் பேர் மாட்டுவது ‘மறுபடி அனுப்பு’ பொத்தானில். டவர் மந்தமாக இருக்கும்போது முதல் ஓடிபி இரண்டு நிமிடம் தாமதிக்கும். அதற்குள் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அழுத்தியவுடன் பெரும்பாலும் பழைய ஓடிபி செல்லாது. ஆனால் போனுக்கு முதலில் வந்து சேர்வது பழையதுதான். அதைப் போட்டால் ‘தவறு’. பதறி இன்னொரு முறை அழுத்தினால், இப்போது இரண்டாவது வந்து நிற்கும், அதுவும் செத்தது. மூன்று முறை தவறினால் பல வங்கிகளில் அன்றைய தினத்துக்குப் பூட்டு விழுந்துவிடும். ஒருமுறை அழுத்தினால் முழு நேரமும் காத்திருங்கள். இரண்டு எஸ்எம்எஸ் வந்துவிட்டால் கடைசியாகக் கேட்டதன் ஓடிபிதான் செல்லும்.

கீபேட் போனில் இன்னொரு வில்லங்கம், இன்பாக்ஸ் நிரம்பிப்போவது. பழைய போன்கள் சில நூறு எஸ்எம்எஸுக்கு மேல் தாங்காது, சிம்மில் சேமிக்கும்படி வைத்திருந்தால் இன்னும் குறைவு. நிரம்பியபின் மேலே கவர் படம் மின்னிக்கொண்டே இருக்கும், புதிதாக எதுவும் உள்ளே வராது. வங்கியைத் திட்டும் முன் பழைய விளம்பர எஸ்எம்எஸ்களை அழித்துப் பாருங்கள்.

தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மாற்றி மோசடி செய்பவர்களைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி அது. கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளன்று சிம் மாற்றாதீர்கள்.

சரி, கிளைக்குப் போய் என்ன கேட்பது? ‘என் நம்பர் பதிஞ்சிருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். ஏதோ ஒரு நம்பர் இருக்கத்தானே செய்யும்! ‘பதிந்த நம்பரின் கடைசி நாலு இலக்கம் சொல்லுங்க’ என்று கேளுங்கள். உங்களுடையது இல்லையென்றால் பாஸ்புக், ஆதாருடன் மொபைல் எண் மாற்றப் படிவம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கூடவே இரண்டு கேள்வி: என் கணக்கில் யுபிஐ, நெட் பேங்கிங் தொடங்கப்பட்டிருக்கிறதா? நான் தொடங்கவில்லை என்றால் நிறுத்த முடியுமா? மின்னஞ்சல் உள்ளவர்கள் ஓடிபி அதற்கும் வருமா என்று கேட்கலாம். சில வங்கிகள் அனுப்புகின்றன. ‘ஆப் போட்டுக்கோங்க, ஓடிபியே வேண்டாம்’ என்பார்கள். எஸ்எம்எஸ் ஓடிபி மட்டுமே வழி என்று இல்லாமல் வேறு முறைகளையும் வங்கிகள் கையாளலாம் என்பது 2026 ஏப்ரலிலிருந்து பொருந்தும் ரிசர்வ் வங்கி விதி. ஆனால் ஆப் என்றால் ஸ்மார்ட்போன் வேண்டும். கீபேட் போன்காரருக்கு அது ஆறுதல் இல்லை.

ஆதார் பதிவிலும் இதே கதைதான். கைரேகை வைத்துப் பணம் எடுப்பதை நிறுத்த பயோமெட்ரிக் பூட்டு போடலாம், ஆனால் அந்தப் பூட்டைப் போடவே ஆதாரில் பதிந்த நம்பருக்கு ஓடிபி வரவேண்டும். ஆகவே முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றுங்கள். அதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை, கைரேகை போதும்.

போனே இல்லாதவர்களுக்கு: நம்பர் கொடுக்காத வாடிக்கையாளருக்கு ஏடிஎம்மில் பணம் எடுப்பது தவிர மற்ற மின்னணு வசதிகளை வங்கி தராமல் இருக்கலாம் என்று 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொன்னது. இது குறையாகத் தெரியலாம். என்னைக் கேட்டால், அடுத்தவர் நம்பரோடு முழு வசதி வைத்திருப்பதைவிட நம்பரே இல்லாமல் கிளையும் ஏடிஎம்மும் போதும் என்று இருப்பது மேல். 70 வயது தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டுக்கே வந்து தரும் வங்கிச் சேவையைக் கேட்கலாம். பிள்ளையின் நம்பரைத்தான் கொடுக்கவேண்டும் என்றால், கார்டும் பின் நம்பரும் அதே பிள்ளையிடம் இருக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அதே சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு இழப்பே இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு (குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்கு) 5,000, மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை மட்டுமே உங்கள் தலையில். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை போனது உங்களுடையது, அதன் பிறகு போவது வங்கியுடையது. தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான்.

புகாரில் பலரும் எழுதத் தவறும் வரி ஒன்று உண்டு: ‘எச்சரிக்கை எஸ்எம்எஸ் எதுவும் எனக்கு வரவில்லை, அது போன நம்பர் என்னுடையது அல்ல, அதை நான் கொடுக்கவில்லை.’ நாள் கணக்கு உங்களுக்குத் தகவல் கிடைத்ததிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இந்த வரி முக்கியம். நம்பரைப் போட்டவர் முகவர் என்றால் அதையும் எழுதுங்கள். முகவரின் செயலுக்கு வங்கிதான் பொறுப்பு. ‘அவர் எங்க ஸ்டாஃப் இல்லை’ என்ற பதில் செல்லாது. முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான விவரம் 14448 என்ற தொலைபேசி எண்ணில் கிடைக்கும். கிளையில் முத்திரை வாங்கிய நகல் அப்போது கையில் இருக்கவேண்டும்.