பியானோ: உடனே தனி வகுப்பா, முதலில் குழுவா, இல்லை கொஞ்சம் பொறுக்கலாமா?

பிள்ளையை எந்த வயதில் பியானோ வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். 4 வயதிலேயே விட்டுவிடுங்கள் என்பவர் இசைமேதை மொஸார்ட்டை இழுப்பார். மொஸார்ட் 4 வயதில் சின்னச் சின்ன உருப்படிகளைக் கற்றுக்கொண்டது உண்மைதான், ஆனால் அவருடைய அக்கா நானெர்ல் 7 வயது வாக்கில்தான் தொடங்கினார், அவரும் பிரமாதமாக வாசித்தவர். இருவருக்கும் வாத்தியார் சொந்த அப்பாதான், அவரே தொழில்முறை இசைக்கலைஞர், அதுவும் ஒரே வீட்டில். இதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் வயதைவிட இதுதான் முக்கியம்: வகுப்பு இல்லாத மற்ற ஆறு நாளும் பிள்ளை பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள்?

முதலில் தனி வகுப்பு. பெரும்பாலும் அரை மணி நேரம், ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. விரல் மடங்கி விழுவதையும் தோள் தூக்கிக்கொள்வதையும் டீச்சர் அந்த நொடியே பார்த்துத் திருத்துவார், வேகமும் பிள்ளையின் வேகம்தான், இதற்கு ஈடு வேறு எதிலும் இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை: அரை மணி நேரமும் கண் அதன் மேலேயே இருக்கும், "இல்லைம்மா, இன்னொரு தடவை" என்பதைப் பலமுறை கேட்டாக வேண்டும். இதைத் தாங்குகிற பிள்ளைக்குத் தனி வகுப்பு வரம், தாங்காத பிள்ளை இரண்டாவது மாதமே வயிறு வலிக்கிறது என்று ஆரம்பித்துவிடும்.

தாங்குமா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். பிளாக்குகளை அடுக்கும்போது சரிந்தால் மறுபடி அடுக்குகிறதா, தள்ளிவிட்டு எழுந்து போகிறதா? அம்மா அப்பா அல்லாத ஒருவர் திருத்தினால் கேட்டுக்கொள்கிறதா? கையை மேஜைமேல் வைத்து நடுவிரலை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். மற்றவை கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை, எந்த விரல் என்று தெரிந்தாலே போதும். பியானோவில் விரல்களுக்கு எண் உண்டு, இரண்டு கைக்கும் கட்டைவிரல்தான் 1, சுண்டுவிரல் 5, அதாவது ஒரு கை மற்றதற்குக் கண்ணாடிப் பிம்பம், சின்னப் பிள்ளைகள் தடுமாறும் இடமே இதுதான். இடது வலது குழம்புகிற பிள்ளைக்கு இது இரட்டைக் குழப்பம். அப்புறம், கீபோர்டு முன்னால் தானாகப் போய் உட்கார்ந்தால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கை வலிக்க அறைவது சும்மா விளையாட்டு. கேட்ட பாட்டின் ஒரு துண்டை, இந்தக் கட்டையா அந்தக் கட்டையா என்று தேடிப் பார்க்கிறதென்றால் விஷயம் வேறு, அப்போது டீச்சரைத் தேடத் தொடங்கலாம்.

எழுத்து படிக்கத் தெரிய வேண்டும் என்பதை நான் அவ்வளவாக ஏற்க மாட்டேன். சுரங்களின் பெயர் ஏ முதல் ஜி வரை ஏழே எழுத்து, ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் ஆரம்பத்துக்கு ஆயிற்று. கை சின்னது என்ற கவலையும் வேண்டாம். எட்டாவது கட்டை வரை எட்ட 16 சென்டிமீட்டருக்கு மேல் விரிய வேண்டும்தான், ஆனால் தொடக்கப் பாடங்கள் ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை என்ற அளவில்தான் இருக்கும். தொங்குகிற கால்களுக்குத்தான் கீழே ஒரு பலகை வேண்டும், அது இல்லாமல் முதுகு நேராக நிற்காது.

குழு வகுப்பு வேறு ரகம். ஜப்பானில் யமஹா 1954-இல் தொடங்கியது இந்த வகைதான். குழுவாகச் சொல்லித்தர வேறு முறைகளும் உண்டு: டால்க்ரோஸ் முறையில் உடலசைவு, ஓர்ஃப் முறையில் தாளக் கருவிகள், கோடாய் முறையில் பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுத்தம். தாளம் உடம்பில் ஏறும், காது திறக்கும், பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்த்துக் கூச்சம் போகும், கட்டணமும் பொதுவாகக் குறைவு. குறை என்னவென்றால் விரலை யாரும் தனித்தனியாகப் பார்க்க மாட்டார்கள். சுறுசுறுப்பான பிள்ளை சலித்துப்போகும், மெதுவான பிள்ளை பக்கத்துக் கையைப் பார்த்தே ஒப்பேற்றிவிடும், வீட்டில் தனியாக வாசிக்கச் சொல்லும்போதுதான் குட்டு வெளிப்படும். இருந்தாலும் 4, 5 வயதுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டுக்கும் நடுவே சுஸுகி முறை. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுகி வயலினுக்காகத் தொடங்கியது, பிறகு பியானோவுக்கும் வந்தது. தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பழகுவதுபோல இசையையும் பழகலாம் என்பது அவருடைய எண்ணம், அதனால் தினமும் ஒலிப்பதிவைக் கேட்க வைப்பார்கள், நோட்டேஷன், அதாவது எழுதிய இசைக் குறியீடு, படிப்பது பிறகுதான். 3, 4 வயதிலேயே தொடங்கலாம், ஆனால் பெற்றோரில் ஒருவர் வகுப்பில் கூடவே உட்கார்ந்து, குறிப்பெடுத்து, வீட்டில் தினமும் டீச்சராக மாற வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள். காதும் ஞாபகமும் கூர்மையாகிவிட்ட பிள்ளை பிறகு நோட்டேஷன் படிக்கச் சோம்பல்படும் என்று ஒரு குறையும் சொல்வார்கள், அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

செயலிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சரியான கட்டையை அழுத்தினாயா என்று சொல்லும், மணிக்கட்டு எப்படி இருந்தது என்று சொல்லாது.

பொறுத்து 7 வயதில் தொடங்கினால் என்ன நஷ்டம்? எந்தச் சுரம் என்று கேட்டவுடனே சொல்லும் திறன் பெரும்பாலும் மிகச் சின்ன வயதில் தொடங்கியவர்களிடம்தான் காணப்படுகிறது, அது உண்மை. ஆனால் அது இல்லாமலே அருமையாக வாசிக்கிற பியானோக்காரர்கள் ஏராளம், சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காதால் பிடிப்பதை எந்த வயதிலும் பழகலாம். லாபம் என்னவென்றால் 4 வயதுப் பிள்ளை ஒரு வருடம் தத்தித் தத்திப் போகிற தூரத்தை 7 வயதுப் பிள்ளை பெரும்பாலும் சில மாதத்தில் கடந்துவிடும். பொறுப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல, பாடுங்கள், தட்டுங்கள், ஆடுங்கள். ரொம்பத் தள்ளிப்போட்டு 10 வயதில் தொடங்கினால் இன்னொரு சிக்கல்: ரசனை வளர்ந்திருக்கும், விரல் வளர்ந்திருக்காது, மூன்று கட்டைப் பாட்டு சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றும். அதற்கேற்ற பாடம் தருகிற டீச்சர் கிடைத்தால் அதையும் சமாளிக்கலாம்.

ஆக 4, 5 வயதில் குழு, ஐந்தரை ஆறில் மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் தனி வகுப்பு, தினமும் கூட உட்கார ஆள் உறுதியாக இருந்தால் சுஸுகி. அறிகுறி எதுவும் தெரியவில்லையா, சரி, அடுத்த வருடம் பார்க்கலாம். தனி வகுப்பு என்று முடிவானால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள், பிள்ளை ஸ்டூலைவிட்டு நழுவி இறங்கும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதட்டுகிறவரைவிட, தரையிலேயே உட்கார்ந்து கைதட்டல் விளையாட்டாகப் பாடத்தைத் தொடர்கிறவர் இந்த வயதைப் புரிந்தவர். அரை மணி வேண்டாம், 20 நிமிடம் போதும் என்று அவரே சொன்னால் இன்னும் நல்லது. வீட்டில் முதல் சில மாதத்துக்கு 61 கட்டை கீபோர்டு தாங்கும், அதன் பிறகு கனமான கட்டைகளோடு 88 உள்ளதாக மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.