கப்பா, துணியா, நாப்கினா? முதலில் கொதிக்க வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

போன மாதம் சித்தி மகள் வேலைக்காக சென்னை வந்து என்னோடு தங்கினாள். வந்த மூன்றாம் நாளே அவளுக்கு பீரியட்ஸ். அலமாரியில் என் மாதவிடாய் கப்பை, அதாவது உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது உனக்கு இப்ப வேணாம்ல? கொதிக்க வெச்சுட்டு நான் போட்டுக்கவா?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் பழைய சேலையைக் கிழித்து வைத்த துணி மூட்டை ஒன்றுதான் இருந்தது. அம்மாவும் சித்தியும் அதிலிருந்துதான் எடுத்தார்கள். எது யாருடையது என்று ஒருவரும் பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இவளும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் நேரம் பிடித்தது.

மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். கல்லூரி முடியும் வரை நாப்கின், அப்புறம் ஒன்றரை வருடம் துணி பேட், இப்போது நான்கு வருடமாக கப். என் ஓட்டு கப்புக்குத்தான்.

நாப்கினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பிரிக்காத நாப்கினை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்று என்ற பேச்சே கிடையாது. அவசரத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. அன்றைக்கு அவளுக்கும் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். 2018 ஜூலையில் 12 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது. சிக்கல், மாற்றுவதில். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என் பழைய அலுவலகக் கழிப்பறையில் குப்பைக்கூடை கிடையாது, அதனால் காலையில் வைத்ததை மாலை வீட்டுக்கு வந்துதான் எடுப்பேன். தொடை இடுக்கில் புண் வராத மாதமே இல்லை.

துணி பேட் உடம்புக்கு இதமானது. ஆரோவில்லில் ஈக்கோ ஃபெம் போன்றவர்கள் தைக்கும் பேட்கள் அழகாகவும் இருக்கும், வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதன் உயிர் வெயிலில் இருக்கிறது. ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2015-இல் வெளியானது. திரும்பத் திரும்பத் துணி பயன்படுத்தியவர்களுக்குப் பிறப்புறுப்புத் தொற்றின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. 2018-இல் வெளியான அடுத்த ஆய்வில், துணியை எங்கே காய வைக்கிறார்கள், எங்கே எடுத்து வைக்கிறார்கள் என்பதற்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. படித்தபோது எங்கள் வீட்டுக் கொல்லைக் கொடி கண் முன்னால் வந்தது. ஆண்கள் பார்வையில் படக்கூடாது என்று அம்மா அந்தத் துணிகளைப் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுவார். மேலே பாவாடை மொறுமொறு என்று காய்ந்திருக்கும், அடியில் துணி சில்லென்று இருக்கும்.

நான் சென்னையில் வாடகைக்கு இருந்த அறைக்கு மொட்டை மாடி கிடையாது. நவம்பர் மழையில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் கிடந்தும் பேட்டின் நடு மடிப்பு காயவில்லை. அந்த மாதமே அரிப்பு, தயிர் திரிந்தது போல வெள்ளைப்படுதல். டாக்டர் பூஞ்சைத் தொற்று என்று மருந்து கொடுத்தார். பேட்டால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஈரத் துணியை வைக்க மனம் வரவில்லை. நூலுக்குள் இறங்கிய கறை முழுதாகப் போவதில்லை என்பதால், துணியை அடுத்தவரோடு பகிர்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கப்பின் கதை வேறு. மருத்துவத் தரச் சிலிக்கோன் தண்ணீரை உறிஞ்சாது, கொதிக்க வைக்கலாம், துடைத்தால் காய்ந்துவிடும். எனக்கு எல்லாமே இதில்தான் தீர்மானமானது: வெயில் வேண்டாம், கொடி வேண்டாம், ஒரு பாத்திரமும் ஒரு அடுப்பும் போதும். 2019-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பு 43 ஆய்வுகளை, 3,319 பேரைப் பார்த்தது. மற்றவற்றைவிட கப்பில் கசிவு அதிகமில்லை. டாக்சிக் ஷாக் என்ற ஆபத்தான பாதிப்பு ஐந்து பேருக்கு வந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் திடீர்க் காய்ச்சல், வாந்தி, வெயிலில் சுட்டது போலத் தோல் சிவத்தல் வந்தால் கப்பை எடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கேரளத்தில் கும்பளங்கி கிராமத்தில் பெண்களுக்குக் கப் கொடுத்து, 2022 ஜனவரியில் அதை நாப்கின் இல்லாத கிராமமாக அறிவித்தார்கள்.

சரி, கொதிக்க வைக்கலாம் என்றால் தங்கைக்குக் கொடுத்தால் என்ன? என் கப்பையே அவள் கையில் கொடுத்து விளிம்புக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். குண்டூசி முனை அளவில் நான்கு துளைகள். கப்பில் தண்ணீர் நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி அழுத்தினால் துளை வழியே பீய்ச்சும். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே காய்ந்த ரத்தம் அப்படியே இருக்கும், அந்தப் படலத்துக்கு அடியில் சுத்தம் நடப்பதில்லை. அடுத்தது கெட்டில். ஹாஸ்டல்களில் நிறையப் பேர் மின் கெட்டிலில்தான் போடுகிறார்கள். தண்ணீர் கொதித்ததும் அது தானாக அணைந்துவிடும், ஆக கப் முழுக் கொதியில் இருப்பது ஒரு நிமிடம் கூட இல்லை. தயாரிப்பாளர்கள் கேட்பது ஐந்து நிமிடமாவது, கப் மூழ்கி இருக்க வேண்டும்.

நம் கப்பில் நாமே கொஞ்சம் அசட்டையாக இருந்தால் நம் உடம்பின் கிருமி நம்மிடமே வருகிறது. அடுத்தவர் கப்பில் அப்படி இல்லை. ரத்தத்தின் வழியே பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும், அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்கான தடுப்பூசி குழந்தைகள் திட்டத்தில் நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில்தான், எங்கள் வயதுக்காரர்கள் பலர் போட்டுக்கொண்டதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி வைரஸும் வெளியே சீக்கிரம் சாகாது, ஆல்கஹால் துடைப்பான்களுக்கு அவ்வளவு அசையாது. ஒழுங்காகக் கழுவிக் கொதிக்க வைத்தால் ஆபத்து மிகக் குறைவு என்பதையும் அவளிடம் சொன்னேன். ஆனால் 400 ரூபாய்ப் பொருளுக்காக அந்த ஒழுங்கை நம்பி ஏன் இறங்க வேண்டும்? ஒருமுறைதான் போட்டது என்று சொல்லி இணையத்தில் விற்கும் கப்புக்கும் இதே பதில்தான்.

திருமணமான தோழி ஒருத்தி வைப்ரேட்டர் என்ற பாலின்பக் கருவியைப் பற்றி, இருவர் பகிரலாமா என்று இதையே கேட்டாள். அங்கேயும் பொருளைத்தான் பார்க்க வேண்டும். மோட்டார் இல்லாத சிலிக்கோனைக் கொதிக்க வைக்கலாம், மோட்டார் இருந்தால் சோப்புத் தண்ணீர்தான். மலிவான ஜெல்லி ரப்பர் நுண்துளை உள்ளது, அதை முழுதாகச் சுத்தம் செய்யவே முடியாது. இருவர் பயன்படுத்தினால் மேலே ஆணுறை போட்டு, ஆள் மாறும்போது அதையும் மாற்ற வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு கப் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர் டி போட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் கப்புக்கு மாற வேண்டாம். உறிஞ்சிப் பிடித்திருக்கும் கப்பை இழுக்கும்போது காப்பர் டியும் நகர்ந்து வரலாம், அதனால் எடுக்கும்போது அடியைக் கிள்ளிக் காற்றை விட்டுத்தான் எடுக்க வேண்டும். என் அக்கா காப்பர் டி போட்டிருக்கிறாள், மதுரையில் பெரிய மொட்டை மாடியும் இருக்கிறது. அவளுக்குத் துணி பேட்தான் சரி, வெயிலில் வெளிப்படையாகவே காய வைக்கிறாள்.

தங்கைக்குச் சின்ன அளவு கப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு மாதம் கசியலாம், நாப்கினும் சேர்த்து வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். சமையலறையில் இப்போது இரண்டு சின்ன எவர்சில்வர் பாத்திரங்கள், அவளுடையதன் கைப்பிடியில் சிவப்பு நூல்.