டென்மன் டி3 பிரஷ்: அப்பாவின் சுருட்டையும் அம்மாவின் சீப்பும்

அமெரிக்காவில் கறுப்பின அப்பாவுக்கும் தமிழ் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளை, தன் இனத்தைப் பற்றிக் கேட்கும் முதல் பேச்சு பல வீடுகளில் தலைவாரும்போதுதான் வருகிறது. "இது அடங்கவே அடங்காதே", "எங்க பக்கம் யாருக்கும் இப்படிக் கிடையாது" என்று சலிப்போடு விழும் இரண்டு வார்த்தை போதும். அப்பாவிடமிருந்து வந்தது குறை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். பதின்மூன்று வயதில் முடியை நேராக்கும் கருவியோடு கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பதற்கு அங்கேயே விதை விழுகிறது. அந்தச் சலிப்பில் பாதி தவறான சீப்பால் வருவது என்பதால்தான் இந்த பிரஷுக்கு இத்தனை விளக்கம்.

டென்மன் 1938இல் தொடங்கிய பிரஷ் நிறுவனம். அதன் டி3 வகையில் சிவப்பு ரப்பர் மெத்தையில் ஏழு வரிசை நைலான் பற்கள். ஒன்பது வரிசையுள்ள டி4 இந்த முடிக்கு நெருக்கம் அதிகம், வேண்டாம். டி3யைக்கூட அப்படியே பயன்படுத்தாதீர்கள். ரப்பர் மெத்தையைப் பள்ளத்திலிருந்து மெல்ல நகர்த்தி உருவி, 2, 4, 6ஆவது வரிசைகளைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிட்டால் நான்கு வரிசை மிஞ்சும். இழுப்பு வெகுவாகக் குறையும். வறண்ட ரப்பரை வலிந்து இழுத்தால் கிழியும். சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள்.

காய்ந்த முடியில் இந்த பிரஷ் படவே கூடாது. சுருளின் வளைவுகளைத் தாண்டித் தலையின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்காது. நுனி எப்போதும் வறண்டே இருக்கும், உலர வாரினால் ஒடியும். நம் வழக்கப்படி தேங்காய் எண்ணெயை உலர்ந்த தலையில் அப்பினாலும் ஈரம் வந்துவிடாது. எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தராது. வாரம் ஒருமுறை குளிக்கும்போது முடியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மேசைக்கரண்டி கண்டிஷனர் தடவி, முதலில் விரலால் சிக்கெடுங்கள். பிறகு நுனியிலிருந்து இரண்டு அங்குலம் வாரி, அது வழுக்கியதும் இன்னும் இரண்டு அங்குலம் மேலே போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சாகிவிடும். தோள்வரை அடர்ந்த முடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். துவட்டத் துண்டு வேண்டாம், பழைய பருத்தி பனியனால் ஒற்றினால் போதும். இரவில் சாட்டின் தொப்பி. மிக நெருங்கிய சுருளுக்கு இந்த பிரஷும் கடுமைதான்; விரலும் பெரிய பல் சீப்புமே சரி.

அக்காவுக்கு அலைமுடி, தங்கைக்கு இறுகிய சுருள் என்று ஒரே வீட்டில் அமைவது சகஜம். "உனக்கு நல்ல முடி" என்று அக்காவிடம் சொல்வது தங்கையிடம் எதைச் சொல்கிறது என்று யோசியுங்கள். எதுவுமே பேசாமல் வாருவதையும் பதின்ம வயதினர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே "நீ என்ன இனம்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். 2000 முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். இரண்டும் நான்தான் என்று சொல்ல வீட்டில் பழகியிருக்க வேண்டும். சுருட்டையையும் பின்னலையும் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2019இல் முதலில் கொண்டுவந்ததையும் பிள்ளை அறிந்திருக்கட்டும்.

அப்பா வழி அத்தையோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால், பின்னல் போட அவர்களிடமே மாதம் ஒருமுறை அனுப்புங்கள். எந்த பிரஷும் தராத சொந்தம் அங்கே கிடைக்கும். இந்த பிரஷ் நிறுவனம் தொடங்கிய அதே 1938இல் சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன், தன் இரு மகள்களையும் பெர்க்லியில் இருந்த 'ரெயின்போ சைன்' என்ற கறுப்பினப் பண்பாட்டு மையத்துக்குத் தவறாமல் அழைத்துப்போனார். மூத்தவர் கமலா ஹாரிஸ்.

பன்னிரண்டு வயதானதும் பிரஷை மகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பின்மண்டை மட்டும் சரியாக எட்டாது. கூப்பிடுவாள், அப்போது போங்கள்.